கோவளத்திலிருந்து ஜகார்த்தாவுக்கு ஒரு ஹலோ... நழுவி ஓடும் சாட்டிலைட்டை ரேடியோவில் பிடிப்பது எப்படி?

கோவளம் பீச்சில் இடுப்பளவு தண்ணீரில் சும்மா நின்று பாருங்கள். அலைகள் ஏறக்குறைய ஒரே இடைவெளியில் வந்து மோதும். இப்போ ஒரு சர்ஃப் போர்டில் படுத்துக்கொண்டு கடலை நோக்கிக் கையை வலித்துப் போங்க. அதே அலைகள்தான், ஆனால் அடுத்தடுத்து சீக்கிரமா வந்து அறையும். திரும்பி கரையை நோக்கி வந்தால் ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே நேரம் நீளும். கடல் எதையும் மாத்தலை. நகர்ந்தது நீங்கதான்.

இதுதான் டாப்ளர் விளைவு. ஆஸ்திரிய இயற்பியலாளர் கிறிஸ்டியன் டாப்ளர் 1842-ல் சொன்ன விஷயம். 1845-ல் நெதர்லாந்தில் பைஸ் பாலட் என்ற விஞ்ஞானி, ஓடும் ரயிலில் ஊதுகுழல் வாசிப்பவர்களை ஏற்றிவிட்டு, தண்டவாளத்துக்குப் பக்கத்தில் சுருதி ஞானம் உள்ள கலைஞர்களை நிறுத்திவைத்து இதைச் சோதித்தார். நமக்கு அவ்வளவு செலவு வேண்டாம். ஈ.சி.ஆரில் ஓர் ஆம்புலன்ஸ் நம்மைக் கடந்து போகும்போது சைரன் சத்தம் சட்டென்று இறங்குமே, அதே சங்கதிதான்.

இப்போ அந்த ஆம்புலன்ஸுக்குப் பதிலாக, நொடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிற ஒரு சாட்டிலைட்டைக் கற்பனை பண்ணிக்கோங்க. அது வழியாகத்தான் நீங்கள் பேச வேண்டும். பேசக் கிடைப்பது பத்து, பன்னிரண்டு நிமிடம். அந்த நேரம் முழுக்க அதன் அதிர்வெண் உங்கள் ரேடியோவைவிட்டு நழுவிக்கொண்டே இருக்கும். ஹாம் ரேடியோ கத்துக்கிட்டு சாட்டிலைட் பக்கம் வரும் பலர் முதல் நாளே `ஒண்ணுமே கேக்கலை' என்று விட்டுவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஆன்டெனா சரியா இருக்கும், சாட்டிலைட் தலைக்கு மேலே இருக்கும், ரேடியோ மட்டும் கொஞ்சம் தள்ளி வேறு இடத்தில் காது கொடுத்துக்கொண்டிருக்கும்.

எவ்வளவு நழுவும்?

கணக்கு ரொம்பச் சின்னது. அதிர்வெண்ணை, சாட்டிலைட் உங்களை நெருங்கும் அல்லது விலகும் வேகத்தால் பெருக்கி, ஒளியின் வேகத்தால் வகுத்தால் போதும். சர்வதேச விண்வெளி நிலையத்தையே எடுத்துக்கொள்வோம். அதில் ஹாம்களுக்கான குரல் ரிப்பீட்டர் ஒன்று இருக்கிறது. நாம் 145.990 மெகாஹெர்ட்ஸில் பேசினால், அது வாங்கி 437.800 மெகாஹெர்ட்ஸில் திருப்பி அனுப்பும். அடிவானத்தில் நிலையம் எழும்போது அது நம்மை நோக்கி நொடிக்கு சுமார் 7 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. 437.8-ஐ 7-ஆல் பெருக்கி 3,00,000-ஆல் வகுத்தால் 0.0102 மெகாஹெர்ட்ஸ். அதாவது சுமார் 10 கிலோஹெர்ட்ஸ். எழும்போது 437.810-ல் கேட்கும் குரல், மறையும்போது 437.790-க்கு இறங்கியிருக்கும். நடுவில், நமக்கு மிக அருகில் வரும் அந்த நொடியில் மட்டும்தான் புத்தகத்தில் போட்டிருக்கும் 437.800 உண்மை.

இதே கணக்கை நாம் பேசும் 145.990-க்குப் போட்டால் 3.4 கிலோஹெர்ட்ஸ்தான் வரும். அதிர்வெண் மூன்றில் ஒரு பங்கு, நழுவலும் மூன்றில் ஒரு பங்கு. எஃப்.எம் ரிசீவருக்கு இந்த 3 கிலோஹெர்ட்ஸ் பெரிய விஷயமில்லை, சமாளித்துக்கொள்ளும். 10 கிலோஹெர்ட்ஸைச் சமாளிக்க முடியாது.

இதிலிருந்தே எஃப்.எம் சாட்டிலைட்டுக்கான வேலை பாதியாகக் குறைந்துவிடுகிறது: 145 பக்கத்தைத் தொடவே வேண்டாம், 435-437 பக்கத்தை மட்டும் நகர்த்துங்கள். இரண்டையும் போட்டுத் திருகிக்கொண்டிருந்தால் பாஸ் முடிந்துவிடும். சாட்டிலைட் ஒருமுறை எழுந்து மறையும் நேரத்தைத்தான் `பாஸ்' என்கிறார்கள்.

நடைமுறையில் யாரும் பாஸ் நேரத்தில் கணக்குப் போடுவதில்லை. கையடக்க செட்டில் முன்கூட்டியே ஐந்து மெமரி சேனல்களைப் பதிந்துகொள்வார்கள். கேட்கும் அதிர்வெண் வரிசையாக 437.810, 437.805, 437.800, 437.795, 437.790. ஐந்திலும் பேசும் அதிர்வெண் 145.990 மாறாது. கூடவே 67 ஹெர்ட்ஸ் டோனையும் ஐந்திலும் வைக்க வேண்டும், அது இல்லாவிட்டால் ரிப்பீட்டர் கதவைத் திறக்காது. பாஸ் தொடங்கும்போது முதல் சேனல். குரல் கரகரப்பாகக் கிழிய ஆரம்பித்ததும் ஒரு பட்டன் அழுத்தி அடுத்த சேனல். அவ்வளவுதான் டாப்ளர் திருத்தம்.

ஒரு விஷயத்தில் மட்டும் நிறைய பேர் ஏமாறுவார்கள். நழுவல் சீராக நடப்பதில்லை. ஆரம்பத்திலும் முடிவிலும் அதிர்வெண் ஆமை மாதிரி நகரும், நிலையம் தலைக்கு மேல் வரும்போது பாய்ந்து இறங்கும். நேர் உச்சியில் போகும் பாஸ் என்றால் நடுப்பகுதியில் நொடிக்கு 180 ஹெர்ட்ஸுக்கு மேல் விழும், அரை நிமிடத்துக்கு ஒரு சேனல் மாற வேண்டியிருக்கும். அடிவானத்தை ஒட்டிப் போகும் பாஸில் இந்த அவசரம் இருக்காது. உச்சியில் போவதுதான் நல்ல பாஸ் என்று நினைத்துக் காத்திருப்போம். சிக்னல் வலுவாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் முதல் முறை முயற்சி செய்பவருக்கு 30, 40 டிகிரி உயரத்தில் போகும் பாஸ்தான் நிதானமாகக் கற்றுக்கொடுக்கும் என்பது என் அபிப்பிராயம்.

கோவளத்துக்கென்றே ஒரு சாட்டிலைட்

விண்வெளி நிலையத்துக்குப் புகழ் அதிகம். ஆனால் தென்சென்னைக் கடற்கரைக்கு அதைவிடப் பொருத்தமான ஒன்று இருக்கிறது. பெயர் ஐ.ஓ-86. இந்தோனேசியாவின் லாபான்-ஏ2 சாட்டிலைட்டில் உள்ள ஹாம் ரிப்பீட்டர். 2015 செப்டம்பர் 28-ல் நம்ம ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து, ஆஸ்ட்ரோசாட்டோடு ஒரே பி.எஸ்.எல்.வி-யில் போனது. பெரும்பாலான ஹாம் சாட்டிலைட்டுகள் துருவங்களுக்கு மேலாகச் சுற்றும்போது, இது பூமத்திய ரேகையை ஒட்டியே சுற்றுகிறது. வடக்கிலும் தெற்கிலும் 6 டிகிரியைத் தாண்டாது, உயரம் 650 கிலோமீட்டர். ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு இது கண்ணிலேயே படாது. நமக்கோ சுமார் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளுக்கு 13 அல்லது 14 தடவை தெற்கு வானில் வந்து போகும்.

கோவளம் ஏறக்குறைய 12.8 டிகிரி வடக்கில் இருக்கிறது. அதனால் ஐ.ஓ-86 இங்கே ஒருபோதும் தலைக்கு மேல் வராது. தென்மேற்கில், ஈ.சி.ஆருக்கு அந்தப் பக்கம் எழும். தெற்கே அதிகபட்சம் 35 டிகிரி உயரம் வரை ஏறும். தென்கிழக்கில் கடலுக்குள் இறங்கும். பாஸின் பின்பாதியில் எதிரே கட்டடம் கிடையாது, மரம் கிடையாது, வங்காள விரிகுடா மட்டும்தான். தாம்பரத்திலோ குரோம்பேட்டையிலோ அபார்ட்மென்ட் மொட்டைமாடியில் தண்ணித் தொட்டிகளுக்கு நடுவே நின்று முயற்சி செய்தவர்களுக்கு இந்த வித்தியாசம் புரியும்.

டாப்ளரும் இங்கே கருணை காட்டுகிறது. சாட்டிலைட் நேராக நம்மை நோக்கி வராமல் பக்கவாட்டில் விலகிப் போவதால், நெருங்கும் வேகம் குறைகிறது. கோவளத்திலிருந்து பார்த்தால் நழுவல் பாஸைப் பொறுத்து 6 முதல் 9 கிலோஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும், அதுவும் மெதுவாக. கேட்க வேண்டியது 435.880, பேச வேண்டியது 145.880, டோன் 88.5 ஹெர்ட்ஸ். மெமரியில் 435.890-ல் தொடங்கி 5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் 435.870 வரை ஐந்து சேனல் போட்டுக்கொண்டாலும், தாழ்வான பாஸ்களில் நடு மூன்றே போதும். பாஸ் 9 முதல் 14 நிமிடம் வரை நீடிக்கும். ரிப்பீட்டர் எப்போதும் திறந்திருக்காது, இயக்குபவர்கள் அறிவிக்கும் அட்டவணையைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

இதில் யாருடன் பேசலாம்? சாட்டிலைட் இலங்கைக்கும் சுமத்ராவுக்கும் நடுவே கடலுக்கு மேல் இருக்கும்போது, அதன் பார்வை வட்டத்துக்குள் கோவளமும் இருக்கும், ஜகார்த்தாவும் இருக்கும். சுமார் 3,600 கிலோமீட்டர். கையில் 5 வாட் செட், ஒரு சின்ன யாகி ஆன்டெனா. நடுவில் செல்போன் டவரோ கேபிளோ எதுவும் கிடையாது.

லாபான்-ஏ2-வில் இந்த ரிப்பீட்டரை வைத்ததற்குப் பேரிடர் காலத் தொடர்பும் ஒரு முக்கியக் காரணம். அதைக் கோவளத்தில் யாருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26 காலை சுமத்ராவுக்குப் பக்கத்தில் கடலடி குலுங்கியது. அந்த அலை நம் கரைக்கு வந்துசேர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. இங்கே யாருக்கும் தகவல் வரவில்லை. அந்தச் சமயத்தில் பாரதி பிரசாத் என்ற ஹாம், தன் குழுவோடு போர்ட் பிளேரில் ரேடியோ நிலையம் போட்டிருந்தார். அந்தமானிலிருந்து உலகத்தின் பல மூலைகளோடு பேசிப் பார்க்கப் போனவர்கள், சுனாமிக்குப் பிறகு தீவுக்கும் நிலப்பகுதிக்கும் இடையே செய்திகளைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையில் இறங்கினார்கள்.

ஹாம்சாட்: டயலைத் திருகவைத்த சாட்டிலைட்

அடுத்த ஐந்தாவது மாதமே, 2005 மே 5-ல், இஸ்ரோ ஹாம்சாட்டை அனுப்பியது. பி.எஸ்.எல்.வி-சி6-ல் கார்ட்டோசாட்-1 கூடப் போன 42.5 கிலோ குட்டி. உலக ஹாம்கள் அதை வி.ஓ-52 என்பார்கள். அதில் இரண்டு டிரான்ஸ்பாண்டர்கள். ஒன்று இந்திய ஹாம்களும் இஸ்ரோவும் சேர்ந்து செய்தது. இன்னொன்று வில்லியம் லெயெனார் என்ற டச்சு இன்ஜினீயரிங் மாணவர் செய்தது. இரண்டு வருஷம் தாங்கினால் போதும் என்று அனுப்பியது, 2014 ஜூலையில் பேட்டரி கைவிடும்வரை ஒன்பது வருஷம் ஓடியது.

டாப்ளரை நிஜமாகவே கற்றுக்கொடுத்தது இந்த வகை சாட்டிலைட்தான். ஏனென்றால் இது எஃப்.எம் ரிப்பீட்டர் இல்லை, லீனியர் டிரான்ஸ்பாண்டர். 435.220-லிருந்து 435.280 வரை நாம் அனுப்பும் மொத்தப் பட்டையையும் வாங்கி, தலைகீழாகத் திருப்பி, 145.930-லிருந்து 145.870 வரை கீழே அனுப்பும். ஒரே நேரத்தில் பல ஜோடிகள் பக்கத்துப் பக்கத்தில் பேசலாம். ஒரே கூடத்தில் பல மேஜைகள் மாதிரி. நீங்கள் டாப்ளரைத் திருத்தாமல் விட்டால் உங்கள் மேஜை மெதுவாக நகர்ந்து பக்கத்து மேஜைக்காரர் மேல் போய் ஏறும். எஃப்.எம்-ல் தப்பு பண்ணினால் நஷ்டம் பெரும்பாலும் உங்களுக்கு மட்டும். இங்கே தப்பு பண்ணினால் அடுத்தவர் பேச்சு கெடும்.

தலைகீழாகத் திருப்புவதில் ஒரு சாமர்த்தியம் உண்டு. சாட்டிலைட் நெருங்கும்போது நம் 435 சிக்னல் அதற்குச் சுமார் 10 கிலோஹெர்ட்ஸ் மேலே கேட்கும். அது திருப்பி அனுப்பும்போது அந்த 10 கீழே போய்விடும். இறங்கி வரும் 145 சிக்னலில் 3 மேலே ஏறும். மிச்சம் 7. இரண்டு நழுவலும் கூடாமல், ஒன்றை ஒன்று கொஞ்சம் தின்றுவிடுகின்றன. ஆனால் 7 என்பதும் எஸ்.எஸ்.பி குரலுக்கு மிக மிக அதிகம். அதில் சில நூறு ஹெர்ட்ஸ் தள்ளிப்போனாலே மனுஷன் குரல் வாத்து கத்துகிற மாதிரி மாறிவிடும்.

எனவே லீனியரில் உழைக்கும் ஹாம்கள் பின்பற்றும் கொள்கை இது: சாட்டிலைட்டின் காதில் உங்கள் அதிர்வெண் எப்போதும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். அது நெருங்கும்போது நீங்கள் புத்தக எண்ணைவிடக் குறைவாக அனுப்ப வேண்டும், கூடுதலாகக் கேட்க வேண்டும். விலகும்போது கூடுதலாக அனுப்பி, குறைவாகக் கேட்க வேண்டும். பேசுவதும் கேட்பதும் எதிரெதிர்த் திசையில் நகரும் என்பது ஆரம்பத்தில் மண்டையைக் குழப்பும். கம்ப்யூட்டரில் ஜிபிரெடிக்ட் போன்ற இலவச மென்பொருளை ரேடியோவோடு இணைத்துவிட்டால் இரண்டு பக்கத்தையும் அதுவே நொடிக்கு நொடி திருத்தும். கையால் செய்வதென்றால் அதிக அதிர்வெண் உள்ள பக்கத்தை மட்டும் திருகி, காதில் ஹெட்போனோடு உங்கள் குரலே திரும்பி வருவதைக் கேட்டு நிலைநிறுத்துவார்கள். ஹாம்சாட் இப்போது மௌனம். இதே வித்தையை இன்று ரஷ்யாவின் ஆர்.எஸ்-44-ல் பழகலாம். ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலே சுற்றுவதால் பாஸ் நீளமாகக் கிடைக்கும், நழுவலும் மெதுவாக இருக்கும்.

நம்ம ஏரியாவுக்கும் இதில் பங்கு இருக்கிறது. குரோம்பேட்டை எம்.ஐ.டி வளாகத்தில் அண்ணா பல்கலைக்கழகம் உருவாக்கிய அனுசாட் 2009 ஏப்ரல் 20-ல் போனது. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று செய்த முதல் சாட்டிலைட் அதுதான். காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம்-மின் எஸ்.ஆர்.எம்சாட் 2011 அக்டோபர் 12-ல். ஓ.எம்.ஆரில் இருக்கும் சத்யபாமாவின் ஒன்றரைக் கிலோ சாட்டிலைட் 2016 ஜூன் 22-ல். தாம்பரத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டால் மூன்றும் அதற்குள் வந்துவிடும். எந்த சாட்டிலைட்டின் பீப் சத்தத்தைத் தரையில் பிடிப்பதாக இருந்தாலும் முதல் வேலை இந்த நழுவலைத் துரத்துவதுதான்.

செட் இல்லையா? போன் இருக்கே!

இதெல்லாம் பழைய காலத்து ஆட்கள் விளையாட்டு என்று தோன்றலாம். 1957 அக்டோபரில் ஸ்புட்னிக் பறந்தபோது, அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வுக்கூடத்தில் வில்லியம் கையர், ஜார்ஜ் வைஃபன்பாக் என்ற இரண்டு பேர் அதன் பீப் சத்தத்தைப் பதிவு பண்ணினார்கள். அது நழுவும் விதத்தை மட்டும் வைத்தே ஸ்புட்னிக்கின் பாதையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அதையே தலைகீழாக்கினால்? சாட்டிலைட்டின் பாதை தெரியும் என்றால் கேட்பவர் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்கலாம். டிரான்சிட் என்ற முதல் சாட்டிலைட் வழிகாட்டி இப்படித்தான் பிறந்தது. கோவளம் வர மேப்ஸ் போட்டீங்களே, அப்போது உங்கள் போனும் ஒவ்வொரு ஜி.பி.எஸ் சாட்டிலைட்டுக்கும் சில ஆயிரம் ஹெர்ட்ஸ் டாப்ளரைத் தேடித் திருத்திக்கொண்டுதான் இருந்தது. நமக்குத்தான் தெரியாது.

போனை வைத்தே தொடங்கலாம். லுக்ஃபோர்சாட் என்ற இலவச ஆண்ட்ராய்டு ஆப், எந்த சாட்டிலைட் எத்தனை மணிக்கு எந்தத் திசையில் எழும் என்று காட்டும். பாஸ் நடக்கும்போது டாப்ளர் திருத்திய அதிர்வெண்ணையும் கணக்குப் போட்டுக் கொடுக்கும். கிளம்பும் முன் அதில் சாட்டிலைட் பாதைத் தரவைப் புதுப்பித்துவிடுங்கள். விண்வெளி நிலையம் அவ்வப்போது உயரத்தை மாற்றும். பழைய தரவை வைத்திருந்தால் ஆப் ஒரு நேரம் சொல்லும், சாட்டிலைட் வேறு நேரத்தில் வரும், டாப்ளர் கணக்கும் கூடவே தப்பும்.

யு.எஸ்.பி எஸ்.டி.ஆர் டாங்கிள் ஒன்றை லேப்டாப்பில் செருகினால் டாப்ளரைக் கண்ணாலேயே பார்க்கலாம். திரையில் மேலிருந்து கீழாக ஓடும் வண்ணப் பட்டையில், சாட்டிலைட் சிக்னல் நேர்க்கோடாக வராமல் நீட்டி இழுத்த எஸ் எழுத்து மாதிரி வளைந்து இறங்கும். பக்கத்தில் நேர்க்கோடாக ஏதாவது தெரிந்தால் அது தரையிலிருந்து வரும் இரைச்சல், சாட்டிலைட் இல்லை. பலவீனமான சிக்னலை அடையாளம் காண இதைவிட எளிய வழி கிடையாது. விண்வெளி நிலையம் சில விசேஷ நாட்களில் 145.800-ல் படங்களும் அனுப்பும். அந்தச் சத்தத்தை ரோபாட்36 ஆப் கேட்டால் போன் திரையில் படம் வரி வரியாக விரியும். 145 பக்கம் என்பதால் இங்கே டாப்ளர் தலைவலி கிட்டத்தட்ட இல்லை.

பேச வேண்டும் என்றால் மட்டும் சட்டம் உண்டு. மத்தியத் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வை எழுதி உரிமமும் அழைப்புக் குறியும் வாங்க வேண்டும். 12 வயது ஆனாலே எழுதலாம். உரிமம் இல்லாமல் பட்டனை அழுத்துவது குற்றம். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாக்கி-டாக்கி செட் வாங்கி ஆர்வக்கோளாறில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

உரிமம் இருப்பவர்களும் அதன் நகலைக் கையோடு எடுத்துக்கொண்டு பீச்சுக்குப் போங்க. பக்கத்தில் கல்பாக்கம் இருக்கிற கடற்கரை இது. மாலை இருட்டில் ஒருத்தர் மீன்முள் மாதிரி ஒரு ஆன்டெனாவைக் கடலை நோக்கிப் பிடித்துக்கொண்டு ஏதோ எண்களை உச்சரித்தால் ரோந்து போலீஸ் வந்து கேட்கத்தான் செய்வார்கள். காகிதத்தைக் காட்டி விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் பாஸ் போய்விடும். பரவாயில்லை, ஐ.ஓ-86 ஒன்றே முக்கால் மணி நேரத்தில் திரும்ப வரும். அதுவரை சூடாக மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு, மெமரியை முதல் சேனலுக்குத் திருப்பி வைக்க மறந்துடாதீங்க.